போன் சிரிக்காதுக்கா

எங்கள் தெருப் படிப்பகத்தில் சாயங்காலம் ஆறரை மணிக்கெல்லாம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போன் வருவதற்கு ஏழரை ஆகும். போன் என்றால் அப்பாவின் போன். புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போனவர் பஸ்ஸை விட்டு இறங்கி, கை கால் கழுவி, ஒரு டீ குடித்த பிறகுதான் அது மகள் கைக்கு வரும். அப்போது அதில் பத்துப் பதினைந்து சதவீதம் சார்ஜ் இருக்கும். அதற்குள் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடமும் இரண்டு வீடியோவும் ஒரு வினாடி வினாவும் வந்து கிடக்கும். அண்ணன் இருக்கிற வீடு என்றால் இன்னும் தாமதம். போன் முதலில் அவனுக்கு, அப்புறம்தான் தங்கைக்கு.

எங்கள் தெருவில் பி.எட். படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன பருவத்தில் கல்லூரியில் அவளுக்கு ஓர் ஒப்படைப்பு கொடுத்தார்கள். வகுப்பறைக்குப் பயன்படும் இலவச டிஜிட்டல் கருவிகள் ஐந்தை மதிப்பிட வேண்டும். அதற்கு அச்சடித்த படிவம் ஒன்று. பயன்படுத்த எளிதா, பாடத்திட்டத்தோடு பொருந்துகிறதா, மாணவரை ஈர்க்கிறதா, தேர்வு வைக்க வசதி உண்டா என்று கட்டம் கட்டமாக. கூடப் படிக்கிறவர்கள் சீனியர்களின் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவள் அந்தத் தாளைப் படிப்பகத்துக்கு எடுத்துவந்து, “நம்ம புள்ளைங்கள வெச்சே பாக்கலாமாக்கா?” என்று கேட்டாள். ஒரு மாதம் பார்த்தோம். மூன்று போன்கள். அதில் ஒன்றுக்கு ஸ்கிரீன் குறுக்கே விரிசல்.

‘விலை’ என்ற கட்டத்தில் ஐந்துக்கும் ‘இலவசம்’ என்று அவள் எழுதியிருந்தாள். நான் அழிக்கச் சொன்னேன். 28 நாள் ரீசார்ஜுக்கு ஏறத்தாழ முந்நூறு ரூபாய் ஆகிறது. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஆக, மாதா மாதம் அம்மாவின் ஒரு நாள் வெயில் போனுக்குப் போகிறது. செயலியை உருவாக்கியவர் காசு கேட்கவில்லை, உண்மைதான். காசு வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கு புதிதில்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2021 ஆகஸ்ட்டில், பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வீடு வீடாகப் போய் ஓர் ஆய்வு செய்தார்கள். கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 சதவீதம். மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் 15 சதவீதம். அந்த நாட்களில் பாடம் எல்லாம் ‘இலவசமாக’த்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் வாரப் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். விலையையே பெயரில் எழுதிவிட்டார். வாங்குகிறவர் மடியில் என்ன இருக்கும் என்று யோசித்து வைத்த பெயர் அது. இலவசம் என்று சொல்லும் கருவிகளும் தங்கள் விலையை இப்படி நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தால் நமக்கு வேலை மிச்சம்.

முதல் வாரத்திலேயே இரண்டு செயலிகள் கழிந்தன. பாடம் சரியில்லை என்பதால் அல்ல, உள்ளேயே போக முடியவில்லை. ஒன்று மின்னஞ்சல் கேட்டது. இன்னொன்று பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, பெற்றோர் செல் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு ஓ.டி.பி. அனுப்பியது. ரீசார்ஜ் உள்ள நம்பர் அப்பாவுடையது மட்டும்தான். அவரோ சாரத்தின் மேலே. எட்டாம் வகுப்புப் பெண் என் போனில் கூப்பிட்டு, “எப்பா, ஒரு நம்பர் வந்துருக்கும், சொல்லுப்பா” என்றாள். “யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்குல சொல்லிக்கிறாங்க. நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன்” என்று வைத்துவிட்டார். படிப்பகமே சிரித்தது. எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடிற்று.

அவர் பயந்ததில் காரணம் இருக்கிறது. 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. 49 நாடுகளில் ஊரடங்கின்போது பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் அது சோதித்திருந்தது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது, பிள்ளைகளின் தகவலைக் கையாளும் விதத்தில் அவர்கள் உரிமைக்கு ஊறு செய்தன அல்லது ஊறு நேரும்படி இருந்தன. பிள்ளை எங்கே இருக்கிறது, எதைத் தொடுகிறது என்பதெல்லாம் விளம்பர நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது. நம் ஒன்றிய அரசின் ‘தீக்ஷா’வும் அந்த ஆய்வில் இருந்தது. அதே தீக்ஷாவின் சேமிப்புக் கணினி ஒன்று பூட்டில்லாமல் கிடந்து, லட்சக்கணக்கான மாணவர், ஆசிரியர் விவரங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்ததாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது, பிள்ளையைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும் பொத்தானை அமுக்குவது எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பையன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே படிவத்தில் பேனாவால் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டோம்: பெயர், நம்பர் கொடுக்காமல் பயன்படுத்த முடியுமா?

முடியும் என்று வந்தவற்றில் எனக்குப் பிடித்தது ‘பெட்’ என்று சொல்லப்படும் அறிவியல் சோதனைகள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. மின்சுற்று, பின்னம், நெம்புகோல், அமிலம் காரம் என்று ஒவ்வொன்றையும் திரையிலேயே கையால் இழுத்துச் செய்து பார்க்கலாம். சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. ஒரு சோதனையை ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் இணையம் வேண்டாம். டவுனில் வைபை இருக்கும் தோழர் வீட்டில் இறக்கி, புளூடூத்தில் மூன்று போனுக்கும் அனுப்பினோம்.

பள்ளியில் ஆய்வகம் இருக்கிறது. சாமான் உடைந்துவிடும் என்று பெஞ்சில் முன்னால் இருக்கிற இரண்டு பேர் செய்வார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்கிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், எலக்ட்ரீஷியனுக்கு லீவு நாளில் எடுபிடியாகப் போகிறவன், பேட்டரியின் இரண்டு முனையையும் நேராக ஒயரால் இணைத்தான். திரையில் தீப்பிடித்தது. அழித்துவிட்டு மறுபடி இணைத்தான். மறுபடி தீ. “இன்னாக்கா, எவ்ளோ வாட்டி எரிச்சாலும் யாரும் திட்ட மாட்றாங்க” என்றான். அன்றைக்கே ஃபியூஸ் எதற்கு என்று மற்றப் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான், வேலைக்குப் போன இடத்தில் பார்த்ததை வைத்து. விரிசல் போனில் மட்டும் எல்லாம் ஆமை வேகம். அது போனின் வயசு.

விக்கிப்பீடியாவையும் இப்படி இணையமில்லாமல் படிக்கலாம். ‘கிவிக்ஸ்’ என்ற செயலி முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள உதவுகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் இருக்கிறது. கட்டுரைப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நல்லது. எல்லாக் கட்டுரையும் ஒரே தரமில்லை, ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

அரசு தரப்பில் 2019 ஆகஸ்ட்டில் வந்த கல்வித் தொலைக்காட்சி உண்டு. கேபிள் இருந்தால் போதும், யாரும் ஓ.டி.பி. கேட்பதில்லை. பாடப்புத்தகத்தின் க்யூ.ஆர். கோடு உண்டு. 2023இல் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட ‘மணற்கேணி’ செயலியும் உண்டு, ஆறு முதல் பன்னிரண்டு வரை காணொலிப் பாடங்கள். குறளிலிருந்து எடுத்த பெயர், நல்ல பெயர். ஆனால் கேணி என்றதும் எங்கள் தெருப் பாட்டிகளுக்கு நினைவு வருவது வேறு. ஊர்க் கேணியில் இறங்க முடியாமல், குடத்தைக் கீழே வைத்து யாராவது ஊற்றுவார்களா என்று காத்து நின்ற கேணி. 1927இல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கி நீரள்ளிக் குடித்தது எதற்காகவோ, அதற்காகத்தான் நாமும் இந்தப் புதுக் கேணிக்குப் படிக்கட்டு எத்தனை, யார் யார் இறங்க முடிகிறது என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இனி நான் அதிகம் யோசித்த ஒன்று. பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகள் வந்திருக்கின்றன. கூகுளின் ‘ரீட் அலாங்’ அந்த வகை, தமிழிலும் உண்டு, கதைகளை இறக்கி வைத்தால் இணையமில்லாமலே ஓடும். இந்த வகைச் செயலி ஒன்றை நான்காம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தோம். எங்கள் வடமாவட்டத்துப் பேச்சில் ழகரம் யகரமாகிவிடும். வாழைப்பழம் ‘வாயப்பயம்’. அவள் படிக்கிறாள், செயலி நிற்கிறது. மறுபடி படிக்கிறாள், மறுபடி நிற்கிறது. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. முதுகலைத் தமிழ் முதல் செமினாரில் ‘கிழவி’ என்பதை நான் ‘கியவி’ என்று படித்தேன். வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அடுத்த இரண்டு ஆண்டில் நான் எழுந்து நின்று வாசித்த நாள்கள் மிகக் குறைவு. சேரிப் பேச்சுக்குத் தப்புப் போட இப்போது மிஷினும் வந்துவிட்டதா என்று போனைப் பிடுங்கப் போனேன்.

அவள் தரவில்லை. “இருக்கா. இது இன்னொருவாட்டி சொல்லுன்னு மட்டும்தான் சொல்லுது. கிளாஸ்ல சிரிப்பாங்க. போன் சிரிக்காதுக்கா” என்றாள். மூலையில் போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் வாழைப்பழத்தோடு மல்லுக்கட்டி ழகரத்தைக் கொண்டுவந்துவிட்டாள்.

என் கோபம் என் பழைய காயத்திலிருந்து வந்தது, அவளுக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் ஒரு குறை மீதி இருக்கிறது. அன்று இரவு வீட்டுக்குப் போனவள் அம்மாவிடம், “நீ பேசுறது தப்பு” என்று சொல்லியிருக்கிறாள். அம்மா மறுநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் படிக்கும்போது ழகரம், வீட்டில் பேசும்போது வீட்டுப் பேச்சு, இரண்டும் தமிழ்தான், உன் அம்மா பேசுவதும் நூற்றாண்டுகளாக இந்த மண்ணில் பேசிவந்த பேச்சு என்று அவளுக்கு நான் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் செயலி சொல்லாது. பி.எட். பெண் ‘குறைகள்’ என்ற கட்டத்தில் எழுதினாள்: “இதற்கு அம்மாவின் தமிழ் தெரியாது. ஆசிரியர் உடன் இருக்க வேண்டும்.”

வினாடி வினாச் செயலிகளில் ஒரு சிறு விஷயம். சில செயலிகள் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் யார் முதல், யார் கடைசி என்று பெரிய எழுத்தில் காட்டும். ஸ்மார்ட் போர்டில் அதைப் போட்டால் கடைசிப் பெயர் வகுப்பு முழுக்கத் தெரியும். புனைபெயர் போடவிடும் செயலியைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் பிள்ளைகள் புலி, சிறுத்தை, ஏரிக்கரை, பிரியாணி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் வந்த பிரியாணி யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பி.எட். பெண்ணின் பட்டியலில் வாட்ஸ்அப் இல்லை. அது கற்பிக்கும் கருவி இல்லையாம். நம் பள்ளிகளில் எல்லோரும் அன்றாடம் பயன்படுத்தும் இலவசக் கருவி அதுதான், சேர்த்துக்கொள் என்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புக் குழுவில் ஓர் இரவு பத்து மணிக்கு ஒரு பட்டியல் வந்தது. கீழ்க்கண்ட மாணவர்கள் கல்வி உதவித்தொகைக்காகச் சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் கொண்டுவரவும். பதினோரு பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எஸ்.சி. என்று அடைப்புக்குறிக்குள். குழுவில் வகுப்பின் எல்லாப் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவள். அவள் எந்தத் தெரு என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூட உட்காருகிற இருவர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. உதவித்தொகை தவறிவிடக் கூடாது என்று பதறி, மேலிருந்து வந்த பட்டியலை அப்படியே அனுப்பியிருக்கிறார். போய்ப் பேசியதும் முகம் வாடிவிட்டார். உடனே அழித்தார். ஆனால் அழிப்பதற்குள் எத்தனை போனில் படம் பிடித்து வைத்திருப்பார்களோ.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படிக்கும் பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த கட்டமோ விவரமோ இருக்கக் கூடாது, மாணவரைச் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் உள்ளன. காகிதப் பதிவேட்டுக்குச் சொன்னது போனுக்கும் பொருந்தும்தானே. உதவித்தொகைத் தகவல் அந்தந்தப் பெற்றோருக்குத் தனியே போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புவதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். படிவத்தில் நாங்கள் போட்ட இரண்டாவது கூடுதல் கட்டம் இதுதான்: இந்தக் கருவி பிள்ளையின் சாதியை, தெருவை, வீட்டு நிலைமையை மற்றவருக்குக் காட்டிக்கொடுக்கிறதா?

ஆசிரியர் வேலைக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தக் கட்டத்தை உங்கள் ஒப்படைப்பிலும் போட்டுப் பாருங்கள். பத்து நட்சத்திரம் வாங்கிய செயலிகள் பல இங்கே தடுக்கி விழும்.

கடைசியாகப் பார்த்தது ‘ஸ்டோரிவீவர்’. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய கதைத் தளம். தமிழில் நிறையக் கதைகள். இறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும், அனுமதி கேட்க வேண்டாம். அந்த உரிமத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பல செயலிகளின் வீடியோவில் வரும் குடும்பம் டைனிங் டேபிளில் சாப்பிடும், அப்பா காரில் ஆபீஸ் போவார். கதையை மாற்றி எழுதலாம் என்று சொன்னதும் பிள்ளைகள் தாங்களே ஒரு கதை எழுதுவதாகச் சொன்னார்கள். தலைப்பு ‘வேலைக்குப் போன போன்’. போன் காலையில் தூக்குவாளியோடு பஸ் ஏறுகிறது, சாரத்தில் ஏறுகிறது, சிமெண்ட் தூசியில் தும்முகிறது, சாயங்காலம் களைத்து வந்து படிக்க உட்காருகிறது. இரண்டாம் வகுப்புப் பையன் போனுக்குத் தலைக்கவசம் போட்டுப் படம் வரைந்திருக்கிறான். பன்னிரண்டு பக்கம், ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் ஐந்து பிரதி எடுத்தோம். அச்சானதற்குச் சார்ஜ் வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் பாட்டியும் சேர்ந்து பார்த்தார்.

பி.எட். பெண்ணுக்கு ஒப்படைப்பில் பத்துக்கு எட்டு. படிவத்தின் அமைப்பை மாற்றியதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அந்தக் கட்டங்களை மட்டும் வேறு இரண்டு மாணவிகள் அவளிடமிருந்து எழுதி வாங்கிப் போயிருக்கிறார்கள்.

2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிய நாளிலிருந்து நம் மாவட்டத்தில் எத்தனையோ பெண்கள் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியிருக்கிறார்கள். அவர்களுக்கும், படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கும் ஒரு செய்தி. சிம் இல்லாத பழைய போன் இந்த வேலைக்குப் போதும். அதில் இறக்கி வைத்த சோதனைகள், கதைகள், விக்கிப்பீடியா ஓடும். அழைப்பு வராது, ஓ.டி.பி. வராது, விளம்பரம் வராது, அண்ணன் கேட்க மாட்டான். பழைய கணக்கு, படம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். ஸ்கிரீன் விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜ் நின்றால் போதும். எங்கள் படிப்பகத்தில் இப்போது அப்படி இரண்டு இருக்கின்றன. பிள்ளைகள் இருபத்து மூன்று பேர்.